ஜப்பானில் மிருதங்கத்தோடும் பிள்ளைகளோடும் குடியேறும் அப்பாக்களுக்கு

வேலை விசாவில் ஜப்பானுக்கு வரும் தமிழ் அப்பாக்கள் பலர் மிருதங்கத்தையோ வீணையையோ கையோடு கொண்டுவருகிறார்கள். கொஞ்ச நாளில் அது உறையோடு அலமாரி மேல் ஏறிவிடுகிறது. கேட்டால் வேலை, குழந்தை என்பார்கள். உண்மையில் வீடு பார்த்த அன்றும் படிவம் நிரப்பிய அன்றும் வாத்தியத்தின் நினைவு வராததுதான் பெரிய காரணம். இந்த ஊரில் எல்லாமே ஒப்பந்தத்திலும் காலண்டரிலும் முன்கூட்டியே எழுதப்படும். எழுதும்போதே இசைக்கும் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

வீடு பார்க்கும்போதே

வாடகை விளம்பரத்தில் இசைக்கருவி பற்றி ஒரு வரி இருக்கும். ‘ஃபுகா’ என்று இருந்தால் கூடாது, ‘சோதான்’ என்றால் பேசிப் பார்க்கலாம், ‘கா’ என்றால் அனுமதி உண்டு. ‘சோதான்’ போட்ட வீடுகளில்தான் நம் திறமை. வீட்டுத் தரகரிடம் மிருதங்கத்தைத் ‘தைகோ’ என்று சொல்லிவிடாதீர்கள். திருவிழாவில் கட்டை கொண்டு அடிக்கும் பெரிய முரசு அவர் கண்முன் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கையால் வாசிக்கும் சின்னத் தாளக்கருவி என்று சொல்லி, அரை நிமிட வீடியோ ஒன்றைக் காட்டுங்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதையும் நீங்களே முன்வந்து சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு நிர்வாக நிறுவனம் மாறினால் போய்விடும்.

கட்டடத்தின் வகையையும் பாருங்கள். மர வீடு மோகுஸோ. மெல்லிய இரும்புச் சட்டத்தில் எழுப்பியது கெய்ர்யோ தெக்கொத்ஸு. இந்த இரண்டிலும் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூடக் கேட்கும். ஆர்சி என்று போட்ட கான்கிரீட் கட்டடமே நமக்கு ஏற்றது. அங்கும் வலந்தலையின் (மிருதங்கத்தின் வலது முகம்) ‘நம்’ சுவரோடு நின்றுவிடும், தொப்பியின் (இடது முகம்) கும்கி என்னும் அடிநாதம் நிற்காது. அந்த அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். தரையில் துண்டு துண்டாகப் பொருத்தும் ஜாயின்ட் மேட் விரிப்பு, அதன்மேல் கனமான ஃபுதோன் மெத்தை, அதன்மேல் நீங்களும் வாத்தியமும். தரைத்தள மூலை வீடு கிடைத்தால் விடாதீர்கள். வெறுந்தரையில் ஓடும் பிள்ளைகளுக்கும் இதே கவனம் வேண்டும். வாசிப்பைவிட ஓட்டத்துக்குத்தான் புகார் சீக்கிரம் வரும்.

குடிபோன வாரத்தில் மேல், கீழ், இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் 500 முதல் 1,000 யென்னுக்குள் ஒரு துண்டோ இனிப்போ கொண்டுபோய்க் கொடுத்து, குழந்தை இருப்பதையும் வாசிக்கும் நேரத்தையும் சொல்லிவைப்பது நல்லது. புகார் இருந்தால் யாரும் நேரில் வந்து கதவைத் தட்டுவது அபூர்வம். நிர்வாக நிறுவனம் எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் பெயர் குறிப்பிடாமல் ‘சத்தத்தில் கவனம்’ என்று ஒரு தாள் போடும். அது பொது அறிவிப்பு என்று மடித்து வைத்துவிடாதீர்கள். உங்களுக்கென்றே வந்ததாக எடுத்துக்கொண்டு அன்றே நேரத்தைக் குறையுங்கள்.

வீட்டில் முடியாவிட்டால் வெளியே வழி உண்டு. குடியிருப்புப் பகுதியின் கோமின்கான் என்னும் பொது மன்றத்திலும் சமூக மையங்களிலும் ஒலி தடுத்த இசை அறைகள் இருக்கும். குழுவாகப் பதிந்து, மாதங்களுக்கு முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். வாடகை ஸ்டுடியோக்களில் ‘கொஜின் ரென்ஷு’ என்று ஒன்றிரண்டு பேருக்கான மலிவு விலை உண்டு. பெரும்பாலும் முந்தின நாளோ அன்றைக்கோதான் பதிய விடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் எப்போது வரும் என்று தெரியாத அப்பாவுக்கு அதுவே வசதி.

முதல் பதினான்கு நாள்

வீடு கிடைத்த 14 நாளுக்குள் குயாக்குஷோ என்னும் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதே நாளில், அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு கவுன்ட்டர்களுக்குப் போய்விடுங்கள். ஒன்று, குழந்தைகளின் மருத்துவச் செலவுக்கான அட்டை. இன்னொன்று ஜிதோ தெஆதே, அதாவது குழந்தை உதவித்தொகை. 2024 அக்டோபரிலிருந்து இதற்கு வருமான வரம்பு இல்லை. மூன்று வயதுக்குள் மாதம் 15,000 யென், அதன்பின் உயர்நிலைப் பள்ளி வயது முடியும்வரை 10,000, மூன்றாவது குழந்தையிலிருந்து 30,000. குடிவந்ததற்கோ குழந்தை பிறந்ததற்கோ மறுநாளிலிருந்து 15 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் விட்டுப்போன மாதத்துப் பணம் திரும்ப வராது.

இங்கேயே குழந்தை பிறந்தால் பிறப்பை 14 நாளுக்குள் பதிய வேண்டும். குழந்தையின் வசிப்பு உரிமைக்கு 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம், அதனால் வரும் சிக்கல் பெரியது. தாத்தா பாட்டி வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். குடும்ப விசா மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும்தான். பெற்றோர் வருவது பொதுவாக 90 நாள் குறுகியகால விசாவில்.

ஹோய்குஎன் காப்பகமும் ஏப்ரல் மாதமும்

ஜப்பானின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஹோய்குஎன் என்ற குழந்தைகள் காப்பகத்தில் ஏப்ரலில் சேர்க்க, முந்தைய ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டும்; தேதி ஊருக்கு ஊர் மாறும். அப்பா, அம்மா இருவரின் நிறுவனமும் தரும் வேலைச் சான்று, ஷூரோ ஷோமெய்ஷோ, இதில் முக்கியம். இடம் மதிப்பெண் முறையில் கிடைக்கும். இருவரும் முழுநேர வேலையில் இருந்தால்தான் மதிப்பெண் கூடும். மனைவி குடும்ப விசாவில் வீட்டில் இருந்தால் மூன்று வயதிலிருந்து யோச்சியென் என்ற மழலையர் பள்ளி பார்க்கலாம், ஆனால் அது பிற்பகல் இரண்டு மணி வாக்கில் முடிந்துவிடும். 2019 அக்டோபரிலிருந்து மூன்று முதல் ஐந்து வயது வரை கட்டணமில்லை. யோச்சியென்னில் மாதம் 25,700 யென் வரைதான் அந்தச் சலுகை. சாப்பாட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். சைவக் குடும்பத்தார் சேர்க்கைப் பேச்சின்போதே ‘தாஷி’ பற்றிக் கேளுங்கள். காய்கறி சூப்பிலும் அந்த மீன் சாறு இருக்கும். டப்பா சாப்பாடு கொடுத்துவிட அனுமதி வாங்கலாம்.

சேர்ந்தவுடன் முழுநாள் விட முடியாது. முதல் ஒன்றிரண்டு வாரம் ‘நராஷி ஹோய்கு’: முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு என்று மெல்லக் கூட்டுவார்கள். அதன்பின் 37.5 டிகிரி காய்ச்சல் கண்டால் போன் வரும், வந்து அழைத்துப் போகத்தான் வேண்டும். இங்கேதான் புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டப்படி 10 நாள் சம்பள விடுப்பு கைக்கு வருவது ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரைக்கும் கைகொடுப்பது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு: ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 5 நாள், இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 10 நாள். மணிக்கணக்கிலும் எடுக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை இது செல்லும். ஆறு மாதம் ஆகாதவர்களை விலக்கிவைக்கவும் முடியாது. நிறுவனம் சம்பளம் தராமல் இருக்கலாம், ஆனால் விடுப்பையே மறுக்க முடியாது. நோயுற்ற குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ‘பியோஜி ஹோய்கு’ மையத்தில் இப்போதே பெயர் பதிந்து வையுங்கள். பெரும்பாலான இடங்களில் காய்ச்சல் வந்த அன்று காலையில் பதிய முடியாது.

ஓவர்டைமிலிருந்து விலக்கு கேட்கும் உரிமையும் உண்டு. பிள்ளை தொடக்கப் பள்ளியில் சேரும் வரை, ஒரு மாதம் முன்னதாக எழுதிக் கேட்க வேண்டும். மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விடாதீர்கள், எச்.ஆருக்குக் கடிதம் போகட்டும்.

சாதக நேரம்

ஜப்பான் நேரம் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மூன்றரை மணி முன்னால். குருவிடம் மாலை ஆறு மணி வகுப்பு வைத்தால் இங்கே இரவு ஒன்பதரை. குழந்தை தூங்கும், அக்கம்பக்கமும் அடங்கியிருக்கும், கை வைக்க முடியாது. சனி, ஞாயிறு காலை ஆறரைக்குக் கேளுங்கள். நமக்கு அது பத்து மணி. வார நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளின் மதிய இடைவேளைதான் வாசிக்க ஏற்றது, அக்கம்பக்கத்தார் பலர் வெளியே இருப்பார்கள். ரயிலில் சொற்கட்டை மனதுக்குள் சொல்லி விரலில் தாளம் எண்ணினால் அதுவும் சாதகமே. இருபது நிமிடம் தினமும் கிடைத்தால் போதும்; ஞாயிறன்று மூன்று மணி நேரம் சேர்த்து வாசிக்கலாம் என்று ஒத்திப்போடுபவர்களின் கை ஒரு பருவத்துக்குள் கனத்துவிடும்.

கச்சேரிக்குப் பணம் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொங்கல் விழாவிலோ பள்ளி விழாவிலோ சன்மானம் இல்லாமல் வாசிக்கத் தடையில்லை. பொறியாளர் விசாவில் இருந்துகொண்டு பணம் வாங்குவதென்றால், முதலில் நிறுவனத்தின் சம்மதம், அடுத்துக் குடிவரவு அலுவலகத்தில் ‘ஷிகாகுகாய் கத்ஸுதோ’, அதாவது விசாவுக்கு வெளியேயான வேலைக்கு அனுமதி. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. குடும்ப விசாக்காரர்கள் வாங்கும் வாரம் 28 மணி நேர அனுமதியை உங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சம்பளம் போக மற்ற வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் யென்னைத் தாண்டினால் மார்ச் 15க்குள் வரிக்கணக்கு.

வாத்தியத்துக்கு இந்த ஊர்த் தட்பவெப்பம்

ஜூனில் தொடங்கும் த்ஸுயு மழையில் தோல் ஈரம் குடித்து ஸ்ருதி இறங்கும். குளிர்காலத்தில் ஹீட்டரால் காற்று வறண்டு தோல் இறுகி ஸ்ருதி ஏறும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி 45 முதல் 55 சதவீதத்துக்குள் வையுங்கள். வாசித்து முடித்ததும் தொப்பியின் ரவையை ஒட்டச் சுரண்டித் துடைக்காவிட்டால் த்ஸுயுவில் பூஞ்சை பிடிக்கும். ரவை டோக்கியோவின் நிஷிகசாய், ஒகாச்சிமாச்சி, ஷின்-ஒகுபோ இந்தியக் கடைகளில் கிடைக்கும். மூட்டு (முகத்தில் கட்டும் தோல்) அடித்துத் தர ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும், அதனால் வாரு பிடித்ததைவிட நட்டு-போல்ட் மிருதங்கமும் கூடுதலாக ஒரு வலந்தலை மூட்டும் கொண்டுவாருங்கள். வீணைக்காரர்கள் ஆகஸ்டில் காருக்குள் வாத்தியத்தை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகக்கூடாது: மெட்டுகளைப் பதித்திருக்கும் மேளத்து மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். ஜனவரியில் அதே மெழுகு வெடிக்கும்.

ஜேஆர் ரயிலில் மூன்று அளவுகளின் கூட்டு 250 செ.மீ., எடை 30 கிலோ வரை கொண்டுபோகலாம். காலை ஒன்பது மணி வரைக்குமான நெரிசலில் மட்டும் வேண்டாம்.

பிள்ளையின் பள்ளிச் சங்கீதம்

பள்ளியில் ‘தோ’ என்பது நம் ஒரு கட்டை ஸ்ருதியின் ஸட்ஜம். பள்ளியின் தோ ரே மி நமக்குச் சங்கராபரணம். வீட்டில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடும் பிள்ளைக்குக் குழப்பம் வருவது இங்கேதான்: பள்ளியின் ‘ரே’ சதுஸ்ருதி ரிஷபம், வீட்டு ‘ரி’ சுத்த ரிஷபம். பிள்ளை தப்பாகப் பாடவில்லை என்று முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும். ஜப்பானியப் பிள்ளைப் பாடல்கள் பலவற்றில் ‘ஃபா’வும் ‘ஷி’யும் இருக்காது, ம, நி இல்லாத அது மோகனம். அங்கிருந்து தொடங்கினால் இரண்டும் பிள்ளைக்குச் சுலபமாக ஒட்டும். மூன்றாம் வகுப்பில் ரெக்கார்டர் குழல் வாங்கச் சொல்வார்கள். ஜெர்மன் முறை, பரோக் முறை என்று இரண்டு உண்டு, விரல் வைப்பு வேறு; பள்ளி சொன்னதை மட்டும் வாங்குங்கள். முதலில் கற்றுத்தருவது ஷி, ரா, ஸோ. தம்புரா செயலியில் ஒரு கட்டை வைத்துக்கொண்டு பிள்ளை எதிரில் உட்காருங்கள். பிள்ளை ஊதுவது நி, த, ப.