ராதென் – பாஸ்டை வட்டப்பாதை: மணற்கல் இடுக்கு வழியாக ஏறி இறங்குவது எப்படி?

ஜெர்மனியின் ட்ரெஸ்டனிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடலாம். எல்பே ஆற்றங்கரையிலுள்ள ராதென் கிராமத்தில் தொடங்கி, பாறை இடுக்கு வழியே ஏறி, ஆற்றுக்கு மேல் 194 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாஸ்டை என்ற பாறை முனையையும் அங்குள்ள கல்பாலத்தையும் பார்த்துவிட்டு, வேறு பாதையில் அதே கிராமத்துக்கு இறங்க வேண்டும். தூரம் 5, 6 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றம் பெரும்பாலும் படிகள் என்பதால் 4 மணி நேரம் ஒதுக்குங்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

இடுக்கு வழியே ஏறுங்கள், பாலத்து வழியே இறங்குங்கள். பலர் இதை மாற்றிச் செய்து, ஈரப் படிகளில் இறங்கும்போது சறுக்கி விழுகிறார்கள். இடுக்கின் அடியில் வெயில் எட்டாது. குளிர்ந்த காற்று கனமாகி அங்கேயே தங்கிவிடும். அதனால் மணற்கல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள, படிமேல் பாசி படர்கிறது. மேலே வெயில் அடிக்கும் மார்ச் மாதத்திலும் உள்ளே பனிக்கட்டி கிடக்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு மே முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஆழமான பள்ளங்கள் உள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ, கோடையிலும் ஒரு மெல்லிய ஜாக்கெட், சில்லறை யூரோ. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். பாறைகளுக்கு நடுவே சிக்னலை நம்ப முடியாது. ஊன்றுகோல் இருந்தால் இடுக்கில் மடக்கிப் பையில் வைத்துவிடுங்கள், கைப்பிடியைப் பிடிக்கக் கை வேண்டும்.

இந்தப் பகுதி சாக்சன் சுவிட்சர்லாந்து தேசியப் பூங்காவில் இருக்கிறது. கிளம்பும் காலையில் பூங்காவின் இணையதளத்தில் பாதை அடைப்பு அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2018 முதல் வறட்சியாலும் மரப்பட்டையைத் துளைக்கும் வண்டுகளாலும் ஏராளமான ஸ்ப்ரூஸ் (ஊசியிலை) மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. காற்றடித்தால் அவை பாதையில் விழும். பலத்த காற்று வீசும் நாளில் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

படி 1: ரயிலும் படகும்

ட்ரெஸ்டனில் எஸ்1 புறநகர் ரயிலில் ஏறி இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், பிர்னா நகரைத் தாண்டியதும் ஆறு அந்தப் பக்கம்தான் வரும். ராதென் நிலையத்தில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தால் படகுத்துறை. கம்பியில் கட்டப்பட்ட இந்தப் படகை ஆற்றின் நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளுகிறது. காலை 8 மணிக்குள் அக்கரையில் இருப்பது நல்லது. பாஸ்டைக்கு மேல்பக்கத்திலிருந்து சாலை உண்டு. 10 மணிக்குப் பிறகு பேருந்துகளில் கூட்டம் வந்து இறங்கும்.

படி 2: அம்செல் பள்ளத்தாக்கு

கிராமத்தைக் கடந்து ஓடையை ஒட்டி மேல்நோக்கி நடந்தால் அம்செல்சே ஏரி. ஏரி முடிந்து சிறிது தூரத்தில், இடப்பக்கம் இடுக்குக்கு வழிகாட்டும் 'ஷ்வேடன்லோஹர்' (Schwedenlöcher) என்ற பலகை வரும். இந்தத் திருப்பம்தான் அதிகம் தவறவிடப்படுவது. பாதை நேராகவும் அகலமாகவும் தொடர்வதால் கால் தானாக முன்னே போய்விடும். அம்செல் அருவி கண்ணில் பட்டால் திருப்பத்தைத் தாண்டிவிட்டீர்கள், திரும்பி வாருங்கள்.

படி 3: இடுக்கு ஏற்றம்

இங்கே சுமார் 700 படிகள். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரின்போது (1618–1648), 1639இல், சுவீடன் படைக்குப் பயந்து சுற்றுவட்ட மக்கள் ஒளிந்துகொண்ட இடம் இது. பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி, சில இடங்களில் ஒருவர் மட்டுமே நுழைய முடியும். எதிரே ஆள் வருவது கேட்டால் அகலமான திருப்பத்திலேயே நின்று வழிவிடுங்கள்.

முதல் நூறு படிகளை வேகமாக ஏறுபவர்தான் பாதியில் மூச்சுவாங்கி உட்காருகிறார். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்காதீர்கள். இது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணல். நனைந்தால் இதன் வலு கணிசமாகக் குறையும், விளிம்பு உடைந்து கையோடு வரும். மழைக்குப் பின் இங்கே பாறை ஏறுபவர்களுக்குத் தடை இருப்பதும் இதனால்தான்.

படி 4: பாஸ்டை

மேலே சமதளம், பலகைகளைப் பின்பற்றினால் போதும். பாறை வலுவிழந்ததால் பழைய காட்சி மேடை 2016இல் மூடப்பட்டது. முனைப்பாறைமேல் எடை விழாதபடி கட்டிய புதிய மேடை 2023இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து எல்பேயின் வளைவும், அப்பால் தட்டையான உச்சியோடு லிலியன்ஸ்டைன் மலையும் தெரியும்.

பாலத்துக்குச் சற்று முன் ஃபெர்டினான்ட் பாறைக்கு ஒரு கிளைப்பாதை பிரியும். அதை விட்டுவிடாதீர்கள், பாலத்தின் முழுத் தோற்றம் அங்கிருந்துதான் கிடைக்கும். 1851இல் கட்டிய கல்பாலம், 76.5 மீட்டர் நீளம், 7 வளைவுகள், கீழே 40 மீட்டர் பள்ளம்.

படி 5: இறக்கம்

பாலத்தைக் கடந்து ராதென் பலகையைப் பின்பற்றுங்கள். 30 முதல் 45 நிமிடத்தில் கிராமம். படிகளில் உதிர்ந்து கிடக்கும் மணலில், காய்ந்த நாளிலும் கால் வழுக்கும். பாதத்தை முழுதாக ஊன்றி வையுங்கள், முட்டி வலித்தால் பக்கவாட்டாக இறங்குங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே துறையில் பார்த்து வைத்துக்கொண்டால், பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது தெரிந்துவிடும்.