பர்மா போர்ப் பதக்கம் கையில் கிடைத்தால் செய்யக் கூடாதவை

1885-ல் திபா மன்னரை இறக்கிவிட்டு, அடுத்த ஜனவரி 1-ல் மேல் பர்மாவை ஆங்கிலேயர் தங்கள் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் போருக்குப் போன மெட்ராஸ் சப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) வீரர்களுக்குக் கிடைத்தது இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். நம் ஊர் வீடுகளிலிருந்து இன்னும் அவ்வப்போது வெளியே வருகிறது. விலை விசாரிக்க வேண்டும், போலியைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

தேய்த்துப் பளபளப்பாக்குவது

எத்தனை முறை சொன்னாலும் புதிதாக வருபவர்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். வெள்ளி என்றால் விபூதி, வெண்கலம் என்றால் புளி, இல்லையென்றால் பிராஸோ. முன்பக்கம் விக்டோரியா, பின்பக்கம் சிறகுள்ள வெற்றித் தேவதை வீரனுக்கு முடிசூட்டும் காட்சி. இது எல்லாப் பதக்கத்திலும் ஒன்றுதான். இது யாருடையது என்று சொல்வது விளிம்பில் உள்ள எழுத்து மட்டுமே: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. இந்திய வீரர்களுடையதில் பல சமயம் அதைச் சாய்வான கூட்டெழுத்தில் மெலிதாகக் கீறியிருப்பார்கள், நாலு தடவை அழுத்தித் தேய்த்தால் போய்விடும்.

தெரிந்த ஒருவர், ஒரு சப்பரின் வாரிசுகளிடம் வாங்கியதைக் கொண்டுவந்து காட்டினார். கண்ணாடி மாதிரி மின்னியது. விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எண் தெரிகிறது, 'சப்பர்' என்பது பாதி தெரிகிறது, பெயர் இருந்த இடம் வழவழ. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பதக்கப் பட்டியல்கள் இருக்கின்றன, பெயர் முழுசாக இருந்தால் நேராகப் போய்த் தேடியிருக்கலாம்.

வெண்கலத்தில் இது இன்னும் கொடுமை. 'பர்மா 1885-7' கிளாஸ்ப் (எந்தப் போர் என்று சொல்லும், ரிப்பனில் குறுக்கே வரும் உலோகப் பட்டை) தொடங்கி, படையோடு போன பணியாளர்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர், டூலி (காயம்பட்டவர்களைச் சுமக்கும் பல்லக்கு) தூக்கியவர் பெயரெல்லாம் வேறெங்காவது ஒரு வரி கிடைப்பதே அபூர்வம், அதையும் புளி போட்டுத் தேய்ப்பார்களா?

தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

அளக்காமல் வாங்குவது

பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு, விலை போகிற பெயரை அங்கே பொறித்து விற்பவர்கள் உண்டு. குறுக்களவு 36 மி.மீ. இருக்க வேண்டும். காலிப்பரை (தடிமன், விட்டம் அளக்கும் கருவி) திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிளாஸ்ப் வரிசை

முதலில் பெற்றது கீழே, அடுத்தது அதற்கு மேலே. '1887-89' கீழே இருந்து '1885-7' மேலே இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

ரிப்பனை மாற்றுவது

வேண்டாம்.

வெளிநாட்டுக்கு விற்பது

நூறு வருடம் தாண்டிய பொருள் இது. 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது.