சதைக்குள் இறங்கும் பெருவிரல் நகம்: வீட்டிலேயே சரிசெய்யும் முறை

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் பக்கத்துச் சதையில் குத்தி, அந்த இடம் சிவந்து, தொட்டால் வலிக்கத் தொடங்கியிருக்கும் ஆரம்ப நிலைக்கு மட்டுமே இம்முறை பொருந்தும். சீழ் வைத்திருந்தாலோ, சிவப்பு பாதத்தை நோக்கிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும், புண் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும், இவற்றைத் தாமே செய்து பார்க்கக் கூடாது.

படி 1: வெதுவெதுப்பான நீரில் பாதத்தைச் சுமார் 15 நிமிடம் ஊற வைக்கவும்; நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். பிறகு விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைக்கவும், இல்லையெனில் சேற்றுப்புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

படி 2: என்னை அதிகம் திணறடித்தது இதுதான். சுத்தமான பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து மெல்லிய திரியாக உருட்டிக்கொள்ளவும். நகம் ஊறி மென்மையாக இருக்கும்போதே, ஒரு விரலால் சதையை நகத்திலிருந்து விலக்கிப் பிடித்து, திரியை நகத்தின் முன் நுனிக்கு அடியில் செருகி, அங்கிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல நகர்த்தவும். பக்கவாட்டிலிருந்து திணித்தால் பஞ்சு நகத்துக்கு அடியில் போகாது, சதைதான் மேலும் நசுங்கும். நகத்தைச் சதையிலிருந்து சற்றே உயர்த்தி வைப்பதுதான் நோக்கம் என்பதால் திரி தடிமனாக இருக்கத் தேவையில்லை. ஊக்கு, ஊசி போன்றவற்றால் நகத்தை நெம்பவே கூடாது. நாள்தோறும் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். சில நாட்களில் வலி குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படி 3: குணமாகும்வரை முன்பக்கம் திறந்த செருப்பையே அணியவும்.

படி 4: இனி நகத்தை நேர்கோட்டில், விரல் நுனியளவுக்கு விட்டு வெட்டவும். வளைந்த வாயுள்ள சிறிய நகவெட்டி மூலைகளையும் சேர்த்துக் கடித்துவிடுவதால், நேரான வாயுள்ள பெரிய நகவெட்டியையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். நகத்தின் நடுவில் முக்கோணமாக வெட்டினால் ஓரங்கள் சதையை விட்டு நடுப்பக்கமாக இழுபடும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. நகம் அடியிலுள்ள வேரிலிருந்து வளர்வதால், நுனியில் வெட்டுவது ஓரங்களின் போக்கை மாற்றாது. பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், குத்திய மூலை சதையைத் தாண்டி வெளிவரும்வரை பொறுமை தேவை.

பின்சேர்க்கை: கை விரலில் நகச்சுற்று வந்தால் செருகிக்கொள்வதைப் போல, கால் விரலுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வேண்டாம். புண்ணில் அதன் புளிப்பு எரிச்சலைக் கூட்டும். குத்தும் நகமோ அதே இடத்தில்தான் இருக்கும்.

மீண்டும் மீண்டும் வருகிறது என்று எழுதியவர்களுக்கு: விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து, குத்தும் ஓரத்தை மட்டும் நீக்கி, அது திரும்ப வளராதபடி வேரில் பீனால் மருந்து வைக்கும் சிறு சிகிச்சை உண்டு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். முழு நகத்தையும் பிடுங்குவார்கள் என்று அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம், நகம் முன்பைவிடச் சற்றுக் குறுகலாக இருக்கும், அவ்வளவுதான்.