எரர் வராத குவெரியும் தப்பாக இருக்கலாம்: ரிப்போர்ட் எழுதப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், பவர் பிஐ, மெட்டாபேஸ் என்று ரிப்போர்ட் தயாரிக்கிற எந்த மென்பொருளில் ஆரம்பித்தாலும் முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான், எரர் வந்துவிடுமோ என்று. எரர் வந்தால் கவலையே வேண்டாம். எங்கே தப்பு என்று அதுவே ஓரளவு சொல்லிவிடும், பார்த்துத் திருத்திவிடலாம். குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்டு எழுதும் கட்டளை) ஒழுங்காக ஓடி, ரிப்போர்ட்டும் கட்டம் கட்டமாக வந்து, அடியில் நிற்கிற மொத்தத் தொகை மட்டும் தப்பாக இருந்தால் அதுதான் ஆபத்து, ஏனென்றால் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விநியோக நிறுவனத்துக்கு மாத விற்பனை ரிப்போர்ட் போட்டுக் கொடுத்தேன். பில் டேபிளையும் பில்லில் உள்ள ஐட்டங்களின் டேபிளையும் ஜாயின் பண்ணி, அதாவது பொதுவான விவரத்தை வைத்து ஒன்றோடொன்று இணைத்து, பில் தொகையைக் கூட்டியிருந்தேன். அந்த மாத விற்பனை பல மடங்கு ஏறியிருந்தது, மேலாளர் மீட்டிங்குக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மா ஒரே ஒரு பில்லை எடுத்துக் காட்டி, இது ஏன் மூன்று தடவை வருகிறது என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

ஒரு பில்லில் மூன்று ஐட்டம் இருந்தால், ஜாயின் செய்த பிறகு அந்தப் பில் மூன்று வரிகளாக வரும், ஒவ்வொரு வரியிலும் பில் தொகை முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். 1,500 ரூபாய் பில், கூட்டினால் 4,500. அதோடு பணம் வரவு டேபிளையும் சேர்த்து, அந்தப் பில்லுக்கு இரண்டு தவணையில் பணம் வந்திருந்தால் மூன்று இரண்டு ஆறு வரி, 9,000 ரூபாய். டேட்டாபேஸைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தான் கொடுத்தது. அதனால் எந்த டேபிளைத் தொட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இதில் ஒரு வரி என்றால் என்ன? ஒரு பில்லா, பில்லில் ஒரு ஐட்டமா, ஒரு வாடிக்கையாளரா, ஒரு நாளா? அதற்குப் பதில் தெரியாமல் ஜாயின் போடக் கூடாது. ஜாயினுக்கு முன்னால் எத்தனை வரி, பின்னால் எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் ஒன்று இருந்தாலே இந்த வகைத் தப்பில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். சரி, தீர்வு என்ன என்றால், ஐட்டங்களைப் பில் வாரியாகத் தனியே கூட்டி ஒரு பில்லுக்கு ஒரு வரி ஆக்கிக்கொள்ளுங்கள், வரவையும் அதே மாதிரி செய்யுங்கள், அப்புறம் ஜாயின் பண்ணுங்கள்.

இந்த இடத்தில் பலர் பிடிக்கிற குறுக்கு வழி டிஸ்டிங்க்ட் (DISTINCT), ஒரே மாதிரி வருபவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிற கட்டளை. இரட்டிப்பாக வருகிறதா, டிஸ்டிங்க்ட் போட்டால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தொகைகளின் மேல் டிஸ்டிங்க்ட் வைத்துக் கூட்டினால், வேறு வேறு இரண்டு கடைகளுக்குத் தலா 500 ரூபாய்க்குப் போட்ட இரண்டு பில்லும் ஒன்றாகிவிடும், ஒரு 500 காணாமல் போகும். அதிகமாக வந்த கணக்கு இப்போது குறைவாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். எதற்காக டிஸ்டிங்க்ட் போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால், ஜாயினில் கோளாறு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஜாயினில் இன்னொரு குழி, லெஃப்ட் ஜாயின். முதல் டேபிளின் எல்லா வரிகளையும், மற்றதில் பொருத்தம் இல்லாவிட்டாலும், வைத்துக்கொள்கிற ஜாயின் அது. எல்லா வாடிக்கையாளரும் வர வேண்டும், ஏப்ரலில் வாங்காதவர்களுக்குப் பூஜ்யம் காட்ட வேண்டும் என்று லெஃப்ட் ஜாயின் போடுவோம், போட்டுவிட்டு பில் தேதி ஏப்ரலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வேர் (WHERE, வரிகளைச் சலிக்கிற) பகுதியில் எழுதுவோம். வாங்காதவருக்குப் பில் தேதி நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கும், நல் அந்த நிபந்தனையைத் தாண்டாது, ஆகவே அவர் ரிப்போர்ட்டிலேயே இருக்க மாட்டார். லெஃப்ட் ஜாயின் என்று எழுதியிருக்கும், நடப்பது இன்னர் ஜாயின், இரண்டு பக்கமும் பொருந்துகிற வரிகள் மட்டுமே வரும். தேதி நிபந்தனையை ஆன் (ON, எதை வைத்து இணைப்பது என்று சொல்கிற) பகுதிக்குள் கொண்டுபோக வேண்டும். மவுஸால் இழுத்துப் போட்டு ரிப்போர்ட் கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் மறைவாக நடக்கும், ஏனென்றால் ஃபில்டரை எங்கே சேர்க்கிறது என்று திரையில் தெரியாது.

நல் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். நல் என்றால் பூஜ்யம் இல்லை, வெற்று எழுத்தும் இல்லை, மதிப்பு தெரியவில்லை என்று அர்த்தம். ரத்தான பில்களை விட்டுவிடலாம் என்று, நிலை 'ரத்து' இல்லாதவை மட்டும் வேண்டும் என எழுதினால், நிலை நிரப்பப்படாத பில்களும் அவற்றோடு சேர்ந்து விடுபட்டுவிடும். தெரியாத ஒன்று 'ரத்து' இல்லை என்று டேட்டாபேஸால் உறுதியாகச் சொல்ல முடியாதே. நாட் இன் (NOT IN, இந்தப் பட்டியலில் இல்லாதவை வேண்டும் என்று கேட்பது) இன்னும் மோசம், உள்ளே வரும் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தால் போதும், ஒரு வரிகூட வராது. அங்கே நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS, பொருந்தும் வரி இல்லாதவை வேண்டும் என்று கேட்பது) பயன்படுத்துங்கள். சராசரியிலும் கவனம் வேண்டும்: பத்துப் பேரில் நான்கு பேர் மட்டும் மதிப்பெண் கொடுத்திருந்தால், ஏவிஜி (AVG, சராசரி எடுக்கும் கட்டளை) நான்கால்தான் வகுக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டியதா என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

தேதியில் நடக்கிற தப்பு நம் ஊரில் மார்ச் கடைசியில் வலிக்கும். மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை என்று பிட்வீன் போடுகிறோம், ஃபீல்டில் (டேபிளில் தேதி இருக்கும் பத்தியில்) தேதியோடு நேரமும் இருக்கிறது. மார்ச் 31 என்று மட்டும் எழுதினால் அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி என்றுதான் டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். அன்று பகல் முழுக்கப் போட்ட பில்கள் வெளியே நிற்கும், நிதியாண்டு முடிகிற நாளில்! மார்ச் 1 அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 1-க்கு முன், என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 04/05/2024 போன்ற தேதிகளையும் நம்பாதீர்கள், அது மே 4-ஆ ஏப்ரல் 5-ஆ என்பது அமைப்பைப் பொறுத்தது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் பழைய டேட்டைம் (தேதியும் நேரமும் சேர்ந்த) வகை ஃபீல்டு என்றால், 2024-05-04 என்று வருடத்தை முன்னால் வைத்துக் கோடு போட்டு எழுதினாலும் மொழி அமைப்பைப் பொறுத்து நாளும் மாதமும் இடம் மாறலாம். 20240504 என்று கோடில்லாமல் எழுதுவது பாதுகாப்பு.

நேரத்தை யூடிசியில் (UTC, உலகப் பொது நேரம்) சேமிக்கிற அமைப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் போகிறது. காலை பத்து மணிக்குத் திறக்கிற கடைக்கு நாள் மாறாது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு லாரி இறங்கி விடிவதற்குள் வியாபாரம் முடிகிற காய்கறி மண்டிக்கு, விற்பனையில் பெரும்பகுதி முந்தைய நாள் கணக்கில் போய் விழும்.

கணக்குப் போடுவதில் இரண்டு விஷயம். கிளைகளின் சராசரிகளை எடுத்து அவற்றுக்கு ஒரு சராசரி போடாதீர்கள். ஒரு கிளையில் 10 பில், சராசரி 1,000 ரூபாய், இன்னொன்றில் 990 பில், சராசரி 100 ரூபாய் என்றால், சராசரிகளின் சராசரி 550, உண்மையான சராசரி 109. அப்புறம், எஸ்க்யூஎல் சர்வரிலும் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் வெட்டுப்படும், 45-ஐ 60-ஆல் வகுத்தால் பூஜ்யம். 100.0 என்று தசமப் புள்ளியோடு முதலில் பெருக்கிவிட்டு வகுத்தால் 75 வரும்.

வேகம் சம்பந்தமாக எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற ஒரு பழக்கம் உண்டு, பில் போடுகிற அதே டேட்டாபேஸில், கடையில் கூட்டம் நிற்கிற நேரத்தில், இரண்டு வருட டேட்டாவை மொத்தமாக இழுப்பது. எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான அமைப்பில் படிக்கிற குவெரியே எழுதுகிறவரைக் காக்க வைக்க முடியும், கவுன்டரில் நிற்பவருக்கு ஏன் பில் வரவில்லை என்றே தெரியாது. அதற்கு மருந்தாக நோலாக் (NOLOCK, பூட்டுக்குக் காத்திருக்காமல் படிக்கச் சொல்வது) போடச் சொல்வார்கள், அது இன்னும் உறுதியாகாத பதிவுகளைப் படித்துவிடும், சில சமயம் ஒரே வரியை இரண்டு தடவையும் எடுக்கும், பணக் கணக்குக்கு அது ஆகாது. ரிப்போர்ட்டுக்கென்று தனி நகல் டேட்டாபேஸ் கேளுங்கள், கிடைக்காவிட்டால் படிக்க மட்டும் அனுமதியுள்ள லாகினாவது வாங்கிக்கொண்டு, ஒரு நாள் டேட்டாவில் சோதித்துவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு முழுசாக ஓட்டுங்கள்.

மென்பொருள் எழுதிக் கொடுக்கிற எஸ்க்யூஎல்லை (SQL), அதாவது டேட்டாபேஸுக்குப் போகிற குவெரியைத் திறந்து படிக்காமல் இருப்பதும் பெரிய தவறுதான். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் டேட்டாபேஸுக்குப் புரியாத ஃபார்முலாவை ஃபில்டரில் வைத்தால், ஃபில்டர் சர்வருக்குப் போகாது, எல்லா வரிகளும் உங்கள் கணினிக்கு வந்த பிறகுதான் சலிக்கும். பவர் பிஐயிலும் ஒரு படியை எஸ்க்யூஎல்லாக மாற்ற முடியாமல் போனால் அதற்குப் பிறகு வரும் வேலை எல்லாம் சர்வரை விட்டு வெளியே வந்துவிடும். உருவான எஸ்க்யூஎல்லைக் காட்டும் வசதி மூன்று மென்பொருளிலும் இருக்கிறது. நீங்கள் கேட்டதும் அது கேட்பதும் ஒன்றுதானா என்று அங்கேதான் தெரியும்.

ரிப்போர்ட்டை யாருக்கும் அனுப்புவதற்கு முன் ஒரு கடை, ஒரு நாள் எடுத்துக்கொண்டு, காகிதப் பில்களை வைத்துக் கையால் கூட்டிப் பாருங்கள். ஒத்துப்போனால், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ரத்தானவை சேர்ந்ததா இல்லையா, வரி உட்படவா இல்லையா, எப்போது எடுத்தது என்று தலைப்புக்குக் கீழே எழுதிவிட்டு அனுப்புங்கள்.