அரசு வழக்கறிஞர் பொறுப்பு முடிந்த பிறகு தனியாக அப்பீல் நடத்துவது எப்படி

உயர் நீதிமன்றத்தில் அரசுக்காக மேல்முறையீடுகள் நடத்திவிட்டு இப்போது தனியாக அப்பீல் மட்டும் பார்க்கிறேன். ஆட்சி மாறும்போது வெளியே வரும் இளைய வழக்கறிஞர்கள் சேம்பருக்கு எங்கே இடம் கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அது காத்திருக்கலாம். முதல் வேலை ஒரு நோட்டுப் போடுவது. நீங்கள் ஆஜரான வழக்குகள், ஆஜராகாமல் துறைக்குக் கருத்துரை மட்டும் தந்தவை, வரைவு மட்டும் எழுதியவை எல்லாவற்றின் எண்ணையும் தரப்பினர் பெயரையும் அதில் எழுதுங்கள். வழக்குக் கட்டுகள் துறைக்குச் சொந்தம். பட்டியலோடு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நகல் எடுத்து வராதீர்கள்.

பார் கவுன்சில் விதி 33 தெளிவானது: ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்லியிருந்தாலே, அதே விவகாரத்தில் எதிர்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. சிக்கல் நில எடுப்பு வழக்குகளில் வரும். ஒரே அறிவிக்கையில் நூறு பேர் நிலம் போயிருக்கும். அதில் ஒருவர் வழக்கில் நீங்கள் அரசுக்குக் கருத்துரை தந்திருப்பீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் இப்போது உங்களைத் தேடி வருவார். எண் வேறுதானே என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் எடுப்பதில்லை. துறை என்னிடம் நம்பிச் சொன்னது, பொறுப்பு முடிந்த பிறகும் ரகசியம்தான். சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தக் கடமை இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132ஆம் பிரிவில் தொடர்கிறது.

துறை அலுவலகத்தில் முழுநேரச் சம்பளப் பணியில் இருந்து சன்னதை (வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமத்தை) நிறுத்தி வைத்தவர்கள், பார் கவுன்சிலிடம் மீண்டும் தொழில் செய்யும் அனுமதி வாங்கிய பிறகுதான் வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி, அரசுப் பக்கம் இருந்தபோது நமக்குத் தெரியாமலே கிடைத்த சலுகைகளைப் பார்ப்போம். பலர் தடுமாறும் இடம் இதுதான்.

முதலாவது ஸ்டே, அதாவது தடையாணை. அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் (சி.பி.சி.) ஆணை 41 விதி 5 மூன்றைக் கேட்கிறது: கணிசமான இழப்பு வரும் என்று காட்ட வேண்டும், தாமதிக்காமல் வர வேண்டும், பிணையம் தர வேண்டும். அந்தப் பிணையத்தை அரசிடம் கேட்கக் கூடாது என்கிறது ஆணை 27 விதி 8ஏ. அதனால் பிணையத்தைப் பற்றி யோசித்தே பழகியிருக்க மாட்டோம். இப்போது பணத் தீர்ப்பாணையோடு ஒருவர் வந்தால், அப்பீல் காரணங்களை எழுதும் முன்பே, எவ்வளவு கட்ட முடியும், எப்போது கட்ட முடியும், ஈடாகக் காட்டச் சொத்து இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அப்பீலுக்கு எண் கிடைத்து, கீழ் நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு ஓடிக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது காலக்கெடு. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்று அபிடவிட் போட்டுத் தாமதத்தை மன்னிக்கக் கேட்ட காலம் உண்டு. லிவிங் மீடியா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் அரசுக்கே அந்தக் காரணத்தை ஏற்கவில்லை; தனியாருக்குச் சொல்லவே வேண்டாம். உரிமையியல் தீர்ப்பாணைக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள். ரிட் அப்பீலுக்கும் 30 நாள்தான். நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். எனவே கட்டு கைக்கு வந்ததும் நான் தீர்ப்பைத் திறப்பதில்லை. நகலில் இருக்கும் தேதிகளைப் பார்ப்பேன். மனுப் போட்ட நாள், நகல் தயாரான நாள். கடைசி நாளைக் கட்டின் மேல் சிவப்பில் எழுதிய பிறகுதான் மற்றது.

மூன்றாவது, அப்பீல் போடலாமா என்ற முடிவு. அரசில் நாம் வேண்டாம் என்று எழுதினாலும், பின்னால் கேள்வி வருமே என்று பல அதிகாரிகள் போடச் சொல்வார்கள். இப்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் சொந்தப் பணத்தோடு வந்திருக்கிறார். தோற்ற கோபம் இன்னும் ஆறியிருக்காது. “எப்படியாவது போடுங்க சார்” என்பார். அவரிடம் நேராகப் பேசுவதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்று நினைக்கிறேன்.

அதற்கு என் முறை இது. வாதுரை, எதிருரை, எழுவினாக்கள், சாட்சியம், ஆவணங்கள் என்று படித்துவிட்டுத் தீர்ப்பைக் கடைசியில் படிப்பேன். தீர்ப்பை முதலில் படித்தால் சாட்சியத்தை அந்த நீதிபதியின் கண்ணாலேயே பார்ப்போம். பிறகு ஒரே பக்கத்தில் எழுதுவேன்: தவறு என்ன, வழக்குக் கட்டில் அது எந்தப் பக்கத்தில் தெரிகிறது, அது சரியானால் முடிவு மாறுமா. அந்தப் பக்கம் நிரம்பவில்லை என்றால் போட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இரண்டாம் மேல்முறையீட்டில் இன்னும் கறார் வேண்டும். சி.பி.சி. 100ஆம் பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி இல்லாமல் உள்ளே போகவே முடியாது. எது அப்படிப்பட்ட கேள்வி என்பதற்கு 2001இல் வந்த சந்தோஷ் ஹசாரி தீர்ப்பை மனப்பாடமாகப் படியுங்கள். நான் வைத்திருக்கும் சோதனை: எந்தச் சாட்சி பொய் சொன்னார் என்று தொடாமலே என் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அது சட்டக் கேள்வியாக இருப்பது அரிது.

குற்றவியல் பக்கம் ஏபிபியாக (அரசுத் தரப்புக் குற்றவியல் வழக்கறிஞராக) இருந்தவர்களுக்கு ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 372, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 413. அதற்குத் தனி அனுமதி வாங்கத் தேவையில்லை என்று மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கில் 2018இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அரசு கைவிட்ட வழக்கில் ஒரு தாய்க்காக நிற்பது பெரிய வேலை. தண்டனை பெற்றவருக்காக அதே சன்ஹிதாவின் 430ஆம் பிரிவில் தண்டனையை நிறுத்தி வைக்க மனு எழுதும்போது, முன்பு எந்த வாதத்தைக் கேட்டு நீங்கள் பதில் சொல்லத் திணறினீர்களோ அதை முதல் பத்தியில் வையுங்கள். “எப்ப சார் வீட்டுக்கு வருவார்?” என்று குடும்பம் கேட்கும். தேதி சொல்லாதீர்கள்.

வழக்கு எங்கிருந்து வரும்? விளம்பரம் கூடாது, பார் கவுன்சில் விதி 36. மாவட்ட நீதிமன்றங்களில் ட்ரையல் நடத்தும் வழக்கறிஞர்கள்தான் அனுப்புவார்கள். எதிரே நின்றபோது ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டீர்களா, பதில் மனுவை முன்கூட்டியே கொடுத்தீர்களா என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். அனுப்பியவரிடம் உத்தரவை அன்றே சொல்லுங்கள். கட்சிக்காரர் அவருடையவராகவே இருக்கட்டும். கீழே குறுக்கு விசாரணை சரியில்லை என்று அப்பீல் காரணங்களில் எழுதும் முன் அவரோடு பேசுங்கள்; ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்குக் காரணம் இருந்திருக்கும்.

கட்டணத்தை அட்மிஷனுக்கு (அப்பீலை விசாரணைக்கு ஏற்கும் கட்டத்துக்கு) இவ்வளவு, இறுதி விசாரணைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். இழப்பீட்டு அப்பீல்களில் சதவீதம் தருகிறேன் என்பார்கள். பார் கவுன்சில் விதி 20 அதைத் தடுக்கிறது. பணம் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைக்கவும் முடியாது, ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000இலேயே அது தீர்ந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. அரசுக்கு மரணம் இல்லை, கட்சிக்காரர்களுக்கு உண்டு. அப்பீல் பல ஆண்டு கிடக்கும். தரப்பினர் ஒருவர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பீல் அற்றுப்போகும். அற்றுப்போனதை ரத்து செய்து அப்பீலை மீட்கக் கேட்க 60 நாள். கட்சிக்காரர் எண்ணோடு அவர் மகன் அல்லது மகள் எண்ணையும் வாங்குங்கள். எதிர்தரப்பில் யாராவது இறந்தாலும் தகவல் சொல்ல வேண்டும் என்று வக்காலத்து வாங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை குமாஸ்தாவை விட்டு எல்லோருக்கும் போன் போடச் சொல்லுங்கள்.