ரூபன்ஸின் முன்வரைவை எப்படிப் பார்க்கலாம்?

தேவாலயப் பலிபீடத்துக்கான பெரிய ஓவியத்தை, அதாவது பீட ஓவியத்தை, தீட்டுவதற்கு முன் ஓவியர் போட்டுப் பார்க்கும் சின்னப் படம்தான் முன்வரைவு. அதை "அரைகுறை" என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அவர் யோசித்த விதம் அதில்தான் தெரியும்.

பதினேழாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸின் 'சிலுவையிலிருந்து இறக்குதல்' படத்தை எடுத்துக்கொள்வோம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் இருப்பது பெரியது. அதன் முன்வரைவு, 1611 வாக்கில் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது, லண்டன் கோர்ட்டோல்ட் காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் இணையத்தில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

முதலில் அளவை மனதில் வாங்குங்கள், ஏனென்றால் திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்து ஏமாற்றும். முன்வரைவு சுமார் 115 செ.மீ. உயரம், ஆறு வயதுப் பிள்ளையின் உயரம்தான். பீட ஓவியமோ 4 மீட்டருக்கு மேல், நம் வீட்டுக் கூரையையே தாண்டிவிடும்.

சரி, இப்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முகங்கள் மங்கி, வலது மேலிருந்து இடது கீழாக இறங்கும் வெள்ளைத் துணியும் அதில் சரியும் உடலும் மட்டும் நிற்கும். அந்த ஒரு கோட்டை ஒரு தாளில் பென்சிலால் இழுத்துவிடுங்கள், மொத்தப் படமும் அதைப் பிடித்துத்தான் தொங்குகிறது.

அப்புறம் பாரம் யார் மேல் இறங்குகிறது என்று ஒவ்வொரு கையாகத் தேடுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மேலே குனிந்திருக்கும் ஒருவர் துணியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்! சிவப்பு உடையில் சீடர் யோவான் உடலைத் தாங்குகிறார், இயேசுவின் பாதம் மகதலா மரியாவின் தோளைத் தொடுகிறது. இந்தப் பீட ஓவியத்தைத் தீட்டச் சொன்னது துப்பாக்கி வீரர்களின் சங்கம், அவர்களுடைய பாதுகாவலரான புனிதர் கிறிஸ்தோபர், அந்தப் பெயருக்கே 'கிறிஸ்துவைச் சுமப்பவர்' என்று பொருள். பீட ஓவியத்தின் இரு பக்கமும் உள்ள பலகைகளிலும் அதே சுமத்தல்தான்: ஒன்றில் இயேசுவை வயிற்றில் சுமக்கும் தாய் மரியா, இன்னொன்றில் குழந்தை இயேசுவை ஏந்திய முதியவர் சிமியோன்.

பிறகு பூச்சைப் பெரிதாக்கிப் பாருங்கள். இப்படிப் பணி கொடுத்தவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கத் தீட்டிய முன்வரைவில் முகமும் துணியும் ஓரளவு முடிந்திருக்கும். தனக்காக மட்டும் அவர் போட்டவற்றில் தூரிகை ஓடிய பழுப்புக் கோடுகள் அடியிலிருந்து அப்படியே தெரியும்.

கடைசியாக, பீட ஓவியத்தின் கீழ் வலது மூலைக்குப் போங்கள். ஒரு தட்டில் முள்முடியும் ஆணிகளும் கிடக்கும். அதே மூலையை முன்வரைவிலும் பெரிதாக்கி, என்ன மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.