லூகர் பி.08: முதலில் எண்ணைப் படியுங்கள், பிறகு திருப்புளியை எடுங்கள்

லூகர் என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி பழையது ஒன்று கைக்கு வந்ததும் துருவைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். 1908-ல் ஜெர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்ட இந்தத் துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது அதன் பாகங்கள் எல்லாம் ஒரே எண்ணோடு ஒன்றாகப் பிறந்தவை என்பதற்காக. பழுது பார்ப்பது என்றால் இங்கே முடிந்தவரை எதையும் மாற்றாமல் இருப்பது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 50 ஆண்டு தாண்டிய துப்பாக்கிகளுக்குத் தனிச் சேகரிப்பாளர் உரிமம் உண்டு. இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் உதிரிபாகத்தையும் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கிறது. ஆகவே இணையத்தில் ஒரு பாகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

படி 1: காலியா என்று பாருங்கள்

மேகசினை உருவுங்கள். மேலே இருக்கும் இரண்டு குமிழ்களையும் பிடித்துப் பின்னால் இழுத்து, தோட்டா அறைக்குள் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். அறையில் தோட்டா இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் உறையை வெளியே இழுக்கும் கொக்கி) சற்று மேலே எழும்பி, அதன் பக்கவாட்டில் 'கெலாடன்' என்ற சொல் தெரியும். 'நிரப்பப்பட்டது' என்று பொருள். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. லூகரில் இன்னொரு ஆபத்தும் உண்டு: குழல் பகுதியைத் தனியாகக் கழற்றிய பிறகும், இடப்பக்கம் வெளியே தெரியும் சியர் பட்டையை (சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் பாகம்) அழுத்தினால், உள்ளே தோட்டா இருந்தால் வெடிக்கும். விசையைத் தொடவே வேண்டியதில்லை.

படி 2: அடையாளம் காணுங்கள்

இதற்கு ஒரு லென்ஸும் நோட்டும் போதும். மேலே மடங்கி எழும் மூட்டை ஜெர்மானியர் முழங்கால் மூட்டு என்றே சொல்வார்கள். தயாரித்தவர் யார் என்பது அந்த மூட்டின் மேல் இருக்கிறது. பின்னிப் பிணைந்த எழுத்துகள் என்றால் டி.டபிள்யூ.எம். என்ற ஜெர்மன் ஆயுத நிறுவனம். கிரீடமும் கீழே ஊர்ப் பெயரும் என்றால் எர்ஃபுர்ட் அரசு ஆயுதச்சாலை. 'எஸ்/42' என்று இருந்தால் அது 1930-களில் மௌசர் நிறுவனம் செய்தது; ஹிட்லர் ஆட்சியில் தொழிற்சாலைப் பெயரை மறைக்க இட்ட குறியீடு. ஆண்டு தோட்டா அறையின் மேல் இருக்கும். 1934-ம் ஆண்டுக்கு 'கே', 1935-க்கு 'ஜி' என்று எழுத்து மட்டுமே போட்டார்கள். 1917-க்கு மேல் 1920 என்று இரண்டு ஆண்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 1920 என்பது, முதல் உலகப் போருக்குப் பிறகு அரசு உடைமை என்று அடித்த முத்திரை.

அடுத்தது எண். சட்டகத்தின் முன்பக்கம், குழல், ரிசீவரின் (குழல் பொருத்தப்பட்டிருக்கும் உடல் பகுதி) இடப்பக்கம் ஆகியவற்றில் முழு எண் இருக்கும். பக்கத் தகடு, விசை, கழற்று நெம்புகோல், மூட்டுப் பாகங்கள் போன்ற சின்னப் பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். எண்ணுக்குக் கீழே ஒரு சிறிய எழுத்து இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 10,000 வந்ததும் மறுபடி 1-லிருந்து தொடங்கி எழுத்தை மாற்றுவார்கள். எழுத்து இல்லாமல் எண் பாதிதான்.

நிறமும் பேசும். முதல் உலகப் போர்க் காலத் துப்பாக்கியில் விசை, பாதுகாப்புப் பூட்டு நெம்புகோல் போன்ற சின்னப் பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். அவையும் சேர்ந்து கருநீலமாக மின்னினால் யாரோ பிற்காலத்தில் நீலப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

படி 3: கழற்றுங்கள்

குழல் முனையை மரக்கட்டை மேல் ஊன்றி அழுத்தினால் குழல் சற்றுப் பின்னால் போகும். அந்த நிலையில், விசைக்கு மேல் இடப்பக்கம் உள்ள கழற்று நெம்புகோலைக் கீழே கால் சுற்று திருப்புங்கள். பக்கத் தகடு கையோடு வரும். இங்கே கவனம்: தகடு போனால் விசையும் நழுவும், கூடவே அதன் குட்டி ஸ்பிரிங்கும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். பிறகு குழல் பகுதியை முன்னால் தள்ளி எடுங்கள்.

மரக் கைப்பிடிகளை அவசியம் இருந்தால் மட்டும் கழற்றுங்கள். இடப்பக்கக் கைப்பிடியின் மேல் மூலை பாதுகாப்புப் பூட்டு நெம்புகோலுக்கு அடியில் சிக்கியிருக்கும். நெம்பினால் சில்லு போய்விடும். நான் பார்த்த பழைய லூகர்களில் பல அந்த மூலை போனவைதான். திருகின் வாய்க்குச் சரியாக உட்காரும் திருப்புளி இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

படி 4: செய்யக்கூடிய பழுது

துருவுக்கு எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கிட்டவே வரக் கூடாது. தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றலாம். பழையதை உறையில் போட்டு எண் எழுதி வையுங்கள். பக்கத் தகட்டை வேறு துப்பாக்கியிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் நெம்பு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கையால் பொருத்தப்பட்டது. மாறினால் விசை வேலை செய்யாது, அல்லது தாறுமாறாகச் செய்யும். சியரிலோ பாதுகாப்புப் பூட்டிலோ கோளாறு என்றால் அது ஆயுதக் கம்மியர் வேலை, நம் மேசை வேலை அல்ல.

படி 5: திரும்பப் பூட்டுங்கள்

புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. மூட்டின் பின்புறம் தொங்கும் இணைப்புக் கொக்கி, கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் நெம்பில் மாட்ட வேண்டும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக் கோத்தால் கொக்கி தானாக வழிக்கு வரும். பிறகு குமிழை இழுத்துப் பாருங்கள். கெட்டியாக எதிர்த்தால் மாட்டிவிட்டது. தொளதொளவென்று வந்தால் மாட்டவில்லை, மறுபடி கழற்றுங்கள்.